பாட்டுப் போட்டியில் யார் ஜெயிப்பாங்க? ரசிகர்கள் கணிப்பு எங்கே பலிக்குது, எங்கே சறுக்குது? முழு விளக்கம்

"எழுதி வெச்சுக்கோங்க, இந்தப் பொண்ணுதான் டைட்டில் வின்னர்!"

பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்று நெருங்கிட்டா இந்த வசனம் கேட்காத வீடு இருக்காது. விருதுநகர் பக்கம் சூலக்கரையில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பமும் இதைத்தான் சொல்லும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் குடும்பமும், கனடாவில் டொரண்டோவில் இருக்கும் குடும்பமும் இதையேதான் சொல்லும். மூணு பேரும் ஒரே பாட்டைத்தான் கேட்டிருப்பாங்க. ஆனா சொல்லும் பெயர் மட்டும் வேற வேறயா இருக்கும்.

முடிவு வந்ததும் ஒரு வீட்டில் பட்டாசு வெடிக்கும், இன்னொரு வீட்டில் "எல்லாம் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க" என்று ரிமோட்டைத் தூக்கிப் போடுவாங்க.

நல்லாப் பாட்டு கேட்கத் தெரிஞ்ச ரசிகர்களோட கணிப்பே பல தடவை தப்பாப் போகுதே, ஏன்? அவங்க பாட்டை மட்டும் கேட்கிறாங்க. ஓட்டை யார் போடுறாங்க, அதை எப்படி எண்ணுறாங்க என்பதைக் கவனிக்கிறதில்லை. இதைப் புரிஞ்சுக்க நம்ம தமிழ் மேடைகளில் தொடங்கி, டார்ஜிலிங் மலை வழியா, ஐரோப்பாவின் யூரோவிஷன் வரைக்கும் போய்ப் பார்க்கலாம்.

ஜெசிக்காவும் கில்மிஷாவும்: ஒரே நம்பிக்கை, இரண்டு முடிவுகள்

2015 பிப்ரவரி. விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஜூனியர் 4-வது சீசன் இறுதிச்சுற்று. கனடாவில் இருந்து வந்த ஈழத்தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா ஜூட்ஸ் மேடையில் இருந்தார். கனடா, ஐரோப்பா, இலங்கை, தமிழ்நாடு என்று உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் அவருக்காகத் திரண்டாங்க. "இந்த முறை பட்டம் நம்ம பிள்ளைக்குத்தான்" என்பது அவங்களுக்கு ஆசையாக மட்டும் இல்லை, உறுதியான கணிப்பாகவே இருந்தது.

முடிவு அறிவிக்கப்பட்டப்போ முதலிடம் பெங்களூருவைச் சேர்ந்த ஸ்பூர்த்திக்குப் போனது. ஜெசிக்கா இரண்டாம் இடம், ஹரிப்பிரியா மூன்றாம் இடம். ஜெசிக்காவுக்குப் பரிசாக 1 கிலோ தங்கம் அறிவிக்கப்பட்டது. அதை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுப்பதாக அதே மேடையில் அறிவித்தாங்க. அரங்கமே நெகிழ்ந்தது. ஆனாலும் "அவ்வளவு பேர் ஓட்டுப் போட்டும் எப்படித் தோத்தாங்க?" என்ற கேள்வி ரொம்ப நாள் ஓடிக்கிட்டே இருந்தது.

அடுத்து 2023 டிசம்பர் 17. ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் 3-வது சீசன் இறுதிச்சுற்று. யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா பட்டம் வென்றார். அதே சீசனில் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தில் இருந்து வந்த அசானியும் பாடினார். தென் தமிழகத்தில் இருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள், மலையகத்துக்குப் போய் 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்த வருஷம் அது. அதனால இந்தக் குழந்தைகள் பாடினப்போ கடலுக்கு இரண்டு பக்கமும் இருந்தவங்க அதை வெறும் போட்டியாப் பார்க்கலை. கில்மிஷா ஊர் திரும்பினப்போ யாழ்ப்பாணம் அவரை ஊர்வலமா வரவேற்றது.

இரண்டு தடவையும் கடல் தாண்டிய தமிழர்களின் கணிப்பு ஒன்றுதான்: "நம்ம பிள்ளை ஜெயிக்கும்." ஒரு தடவை தப்பாச்சு, ஒரு தடவை பலிச்சது. இரண்டு தடவையும் அன்பு ஒரே அளவுதான். அப்படின்னா, எவ்வளவு அன்பு இருக்கு என்பதை மட்டும் வைத்து முடிவைச் சொல்ல முடியாது என்று தெரியுது இல்லையா?

ஓட்டை எப்படி எண்ணுறாங்க? ஒரு சூலக்கரை உதாரணம்

ஒரு கற்பனைப் போட்டியை எடுத்துக்குவோம். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களும் ஓட்டுப் போடும் ஒரு பாட்டுப் போட்டி. இறுதிச்சுற்றில் சூலக்கரையைச் சேர்ந்த ஒரு பெண் இருக்கார். வேற மாவட்டத்துப் பையன் ஒருத்தரும் இருக்கார். இன்னும் பல பேர் இருக்காங்க.

சூலக்கரைப் பெண்ணுக்கு விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று மாவட்டமே திரண்டு 5 லட்சம் ஓட்டுப் போடுது. மற்ற ஊர்களில் அவருக்கு ஓட்டு ரொம்பக் குறைவு. அந்தப் பையனுக்கு எந்த ஊரிலும் வெறித்தனமான ஆதரவு இல்லை. ஆனா 38 மாவட்டத்திலும் தலா 10 ஆயிரம் ஓட்டு விழுது. மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம்.

முதல் முறை, மொத்த ஓட்டை அப்படியே எண்ணுவது. இதில் சூலக்கரைப் பெண் தெளிவா ஜெயிக்கிறார்.

இரண்டாவது முறை, ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியாப் புள்ளி கொடுப்பது. ஒரு மாவட்டத்தில் முதலிடம் வந்தவருக்கு 12 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 10, மூன்றாம் இடத்துக்கு 8, பிறகு 7, 6, 5, 4, 3, 2, 1. அத்துடன் ஒரு நிபந்தனை: சொந்த மாவட்டத்துக்காரருக்கு ஓட்டுப் போடக் கூடாது.

இப்போ என்ன ஆகும்? விருதுநகர் மாவட்டத்து 5 லட்சம் ஓட்டும் செல்லாது. மற்ற மாவட்டங்களில் ஒரு 10 மாவட்டத்தில் அவர் எட்டாவது இடம் வந்தார்னு வைங்க. தலா 3 புள்ளி வீதம் வெறும் 30 புள்ளி. அந்தப் பையன் தன் மாவட்டம் தவிர்த்த 37 மாவட்டத்திலும் இரண்டாவது இடம் வந்திருந்தா 370 புள்ளி. ஒரு மாவட்டத்தில்கூட முதலிடம் வராதவர் கோப்பையைத் தூக்கிட்டுப் போயிடுவார்!

பாடினதும் அதே பாட்டு, கேட்டதும் அதே ஜனம். எண்ணும் முறை மட்டும் மாறினதால வெற்றியாளரே மாறிட்டார். முதல் முறையில் ஓட்டு ஒரே இடத்தில் குவிஞ்சாப் போதும். இரண்டாவது முறையில் ஓட்டு எல்லா இடத்திலும் பரவி இருக்கணும். தேர்தல் பார்த்துப் பழகின நமக்கு இது புதுசில்லை. ஒரே பூத்தில் ஓட்டை அள்ளினவர் தொகுதியில் தோற்கிற கதை நமக்குத் தெரியும்தானே?

குவியல் ஜெயித்த கதை: 2007 டார்ஜிலிங்

மொத்த ஓட்டை எண்ணும் முறையில் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவின் பெரிய உதாரணம் இந்தியன் ஐடல் 3-வது சீசன். கொல்கத்தா போலீஸில் காவலராக இருந்த டார்ஜிலிங்காரர் பிரசாந்த் தமாங் இறுதிச்சுற்றுக்கு வந்தார். எதிரில் மேகாலயா மாநிலம் ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பால்.

பாடகர் என்ற முறையில் அமித் பால்தான் மேல் என்று சொன்னவங்க நிறைய. ஆனா டார்ஜிலிங் மலை, சிக்கிம், நேபாளம் என்று நேபாளி பேசும் மக்கள் இருந்த இடமெல்லாம் ஒன்றாகத் திரண்டது. ஊர் ஊராகப் பணம் திரட்டி எஸ்எம்எஸ் அனுப்பினாங்க. 2007 செப்டம்பர் 23-ம் தேதி முடிவு வந்தது. சுமார் 7 கோடி ஓட்டுகள் பதிவான இறுதிச்சுற்றில் பிரசாந்த் பெரிய வித்தியாசத்தில் வென்றார்.

கதை அங்கேயே முடியலை. டெல்லி எஃப்.எம். தொகுப்பாளர் ஒருவர் பிரசாந்தின் சமூகத்தைக் கிண்டல் செய்தார் என்று சிலிகுரியில் கலவரம் மூண்டது, ஊரடங்கு போட்டாங்க. டார்ஜிலிங்கில் பிரசாந்துக்கு ஓட்டுத் திரட்டுவதில் முன்னால் நின்ற விமல் குருங், அடுத்த மாதமே கூர்க்கா ஜன்முக்தி மோர்ச்சா என்ற கட்சியைத் தொடங்கினார். பல ஆண்டு மலையில் கோலோச்சிய சுபாஷ் கீசிங் இந்த அலையைக் கண்டுகொள்ளாமல் இருந்தது அவருடைய செல்வாக்குச் சரிவுக்கு ஒரு காரணம் என்று இன்றும் சொல்லப்படுது.

மறுபக்கம் மேகாலயாவில், பழங்குடியினருக்கும் மற்றவர்களுக்கும் இடையே பல காலமா இருந்த கசப்பைத் தாண்டி, வங்காளிக் குடும்பத்துப் பையனான அமித் பாலுக்கு மாநிலமே சேர்ந்து ஓட்டுப் போட்டது. தோற்றவரும் தன் ஊருக்கு ஏதோ ஒன்றைச் சம்பாதித்துக் கொடுத்தார்.

பிரசாந்த் வெற்றியைச் சரியாகக் கணிச்சவங்க யாரு? குரல் வளத்தைப் பார்த்தவங்க இல்லை. "எந்த ஊர் ஜனம், எவ்வளவு வேகமா, எத்தனை தடவை ஓட்டுப் போடும்" என்று பார்த்தவங்கதான்.

பரவல் ஜெயிக்கும் இடம்: யூரோவிஷன் என்றால் என்ன?

மேலே சொன்ன இரண்டாவது முறை கற்பனை இல்லை. ஐரோப்பிய நாடுகள் 1956 முதல் நடத்தும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் விதி அதுதான். ஒவ்வொரு நாடும் ஒரு புதுப் பாட்டை அனுப்பும். 12, 10, 8 என்ற புள்ளிக் கணக்கு. சொந்த நாட்டுக்கு ஓட்டுக் கிடையாது. பெரிய நாடான ஜெர்மனியும், ஒரு ஊர் அளவே இருக்கும் சான் மரினோவும் கொடுக்கும் புள்ளி ஒரே அளவுதான்.

இன்னொரு விஷயம் இருக்கு. இறுதிச்சுற்றில் 2009 முதல் பாதிப் புள்ளி மக்கள் ஓட்டு, மீதிப் பாதி இசைத்துறை சார்ந்த நடுவர்கள் கையில். 2016 முதல் இந்த இரண்டையும் தனித்தனியா அறிவிக்கிறாங்க. அதனால மக்கள் என்ன நினைச்சாங்க, நடுவர்கள் என்ன நினைச்சாங்க என்பதை நாம் அப்பட்டமாப் பார்க்க முடியும். கணக்கைப் பாருங்க:

2022, டூரின்: நடுவர் புள்ளியில் பிரிட்டன் 283 எடுத்து முதலிடம், உக்ரைன் 192 மட்டுமே. ஆனா மக்கள் ஓட்டில் உக்ரைனுக்கு 439. மொத்தம் 631 புள்ளியுடன் உக்ரைன் வென்றது. போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது.

2023, லிவர்பூல்: மக்கள் ஓட்டில் ஃபின்லாந்தின் கேரியா 376 புள்ளியுடன் முதலிடம். ஸ்வீடனின் லொரீனுக்கு மக்கள் கொடுத்தது 243. ஆனா நடுவர்கள் லொரீனுக்கு 340 கொடுத்தாங்க. மொத்தம் 583-க்கு 526 என்று லொரீன் வென்றார். அரங்கத்தில் இருந்த கூட்டம் ஃபின்லாந்துப் பாட்டைத்தான் கோஷமாப் பாடிக்கிட்டு இருந்தது.

2024, மால்மோ: குரோஷியாவின் பேபி லசான்யா மக்கள் ஓட்டில் 337 பெற்று முதலிடம். ஸ்விட்சர்லாந்தின் நெமோவுக்கு மக்கள் 226. நடுவர்கள் நெமோவுக்குக் கொடுத்தது 365. வென்றது நெமோ, 591-க்கு 547.

2025, பாசல்: மக்கள் ஓட்டில் இஸ்ரேல் 297 எடுத்து முதலிடம். நடுவர் புள்ளியோ 60 மட்டும். ஆஸ்திரியாவின் ஜேஜே மக்களிடம் 178, நடுவர்களிடம் 258 என்று 436 புள்ளியில் வென்றார்.

கவனிச்சீங்களா? 2023 முதல் 2025 வரை தொடர்ந்து மூணு வருஷமும் மக்கள் ஓட்டில் முதலில் வந்தவர் கோப்பையை வாங்கலை. "ஜனங்க யாரை விரும்புறாங்க?" என்பதற்குச் சரியான பதில் தெரிஞ்சிருந்த ரசிகர்கூட "யார் ஜெயிப்பாங்க?" என்பதில் தோத்திருப்பார். இரண்டும் வேற வேற கேள்வி.

தீவிர ரசிகர்களே ஏன் சறுக்குறாங்க?

யூரோவிஷனுக்கு என்றே உலகம் முழுக்க ரசிகர் மன்றங்கள் இருக்கு. ஓஜிஏஇ என்ற பெயரில் 1984-ல் ஃபின்லாந்தில் தொடங்கிய கூட்டமைப்பு அது. ஒவ்வொரு வருஷமும் போட்டிக்கு முன்னாலேயே மன்றங்கள் தங்களுக்குள் ஓட்டெடுப்பு நடத்தும். வருஷம் பூராவும் இதே நினைப்பா இருக்கிறவங்க, எல்லாப் பாட்டையும் நூறு தடவை கேட்டவங்க. அவங்க கணிப்பு எப்படி இருந்தது?

2012-ல் ஸ்வீடன், 2013-ல் டென்மார்க், 2018-ல் இஸ்ரேல், 2023-ல் ஸ்வீடன்: இதெல்லாம் பலிச்சது. 2011-ல் அவங்க முதலிடம் கொடுத்த ஹங்கேரி, இறுதிச்சுற்றில் 22-வது இடம். 2017-ல் தேர்ந்தெடுத்த இத்தாலி 6-வது இடம். 2024-ல் குரோஷியா, 2025-ல் ஸ்வீடன். இரண்டுமே ஜெயிக்கலை.

சறுக்கலுக்குக் காரணம் மூன்று.

ஒன்று, அவங்க பாட்டைப் பல தடவை கேட்டவங்க. ஓட்டுப் போடும் பொதுஜனத்தில் பெரும்பகுதி அன்றைக்கு இரவுதான் முதல் தடவையாக் கேட்கும். நூறாவது தடவை கேட்கிற காதும் முதல் தடவை கேட்கிற காதும் ஒன்றில்லை.

இரண்டு, நம்மைச் சுற்றி இருக்கிறவங்க நம்மைப் போலவே பேசுவாங்க. வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிற 200 பேரும் ஒரே பெயரைச் சொன்னா உலகமே அதைச் சொல்ற மாதிரி தோணும். யூட்யூபும் ஃபேஸ்புக்கும் நமக்குப் பிடிச்சதையே திரும்பத் திரும்பக் காட்டும். 2017-ல் இத்தாலிப் பாட்டின் வீடியோவுக்குக் கிடைச்ச பார்வைகள் மற்ற எல்லா நாட்டையும் தூக்கிச் சாப்பிட்டது. மேடையில் கொரில்லா வேஷம் போட்ட ஒருத்தர் கூட ஆடினார். சந்தோஷமான பாட்டு. ஆனா அன்றைக்கு ஜெயிச்சது, அலங்காரம் எதுவும் இல்லாம அமைதியா நின்று பாடின போர்ச்சுகலின் சால்வடோர் சோப்ரால், 758 புள்ளியுடன்.

மூன்று, ஆசையைக் கணிப்பு என்று நினைச்சுக்கிறோம். "இவர் ஜெயிக்கணும்" என்று மனசு சொல்றதை "இவர் ஜெயிப்பார்" என்று வாய் சொல்லிடுது. ஜெசிக்கா விஷயத்தில் நம்ம ஆட்களுக்கு நடந்ததும் இதுதான்.

பந்தயக்காரங்க கணிப்பு மட்டும் சரியா இருக்குமா?

பிரிட்டன் போன்ற நாடுகளில் யூரோவிஷன் மேல் பணம் கட்டுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அங்கே பந்தய நிறுவனங்கள் வெளியிடும் விகிதத்தை ரசிகர்கள் ஜாதகம் மாதிரிப் பார்ப்பாங்க. 2022-ல் உக்ரைன், 2023-ல் ஸ்வீடன் என்று சரியாச் சொன்னது. 2024 இறுதி நாளில் குரோஷியாவையும் 2025-ல் ஸ்வீடனையும் முன்னால் வைத்தது. இரண்டும் பொய்த்தது. 2025-ல் ஸ்வீடன் வந்தது 4-வது இடம். பணம் கட்டுறவங்களும் மனுஷங்கதான், அவங்களும் கூட்டம் போகிற பக்கமே போவாங்க.

நம்ம ஊரில் இதைப் பார்த்து யாராவது "பாட்டுப் போட்டியில் பெட் கட்டலாம், ஆப் இருக்கு" என்று சொன்னா விலகி நில்லுங்க. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யுது. தமிழ்நாட்டிலும் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் தனியா இருக்கு.

இந்தியாவில் இருந்து யூரோவிஷனுக்கு ஓட்டுப் போட முடியுமா?

முடியும். 2023 முதல் போட்டியில் பங்கேற்காத நாட்டு மக்களும் இணையத்தில் கட்டணம் செலுத்தி ஓட்டுப் போடலாம். சூலக்கரையில் இருந்தும் போடலாம். ஆனா இந்தியா, அமெரிக்கா, இலங்கை, பிரேசில் என்று பங்கேற்காத எல்லா நாட்டு ஓட்டும் சேர்ந்து 'மீதி உலகம்' என்ற ஒரே நாடாத்தான் எண்ணப்படும். இந்தியாவில் இருந்து ஒரு கோடிப் பேர் ஓட்டுப் போட்டாலும், ஒரு பாட்டுக்குக் கிடைக்கும் அதிகபட்சம் 12 புள்ளிதான். 2007-ல் டார்ஜிலிங் செய்ததை அங்கே செய்ய முடியாது.

அதே சமயம் அந்த முறையும் ஓட்டையே இல்லாதது கிடையாது. ஒருவர் 20 தடவை வரை ஓட்டுப் போடலாம் என்று விதி இருந்தது. 2025 போட்டிக்குப் பிறகு, அரசு சார்பில் விளம்பரம் செய்து ஓட்டுத் திரட்டப்பட்டதா என்ற சர்ச்சை கிளம்பியது. ஸ்பெயினின் ஒளிபரப்பு நிறுவனம் உட்படச் சிலர் ஓட்டெடுப்பைத் தணிக்கை செய்யணும் என்று கேட்டாங்க. 2025 நவம்பரில் விதியை மாத்தினாங்க: ஒருவருக்கு 20-க்குப் பதில் 10 ஓட்டு, அரையிறுதியிலும் நடுவர்களுக்குப் பாதிப் புள்ளி, பெரிய அளவிலான விளம்பரப் பிரசாரத்துக்குக் கட்டுப்பாடு. அப்படியும் இஸ்ரேல் பங்கேற்பை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய நாடுகள் 2026 போட்டியில் இருந்து விலகின.

கணிக்கிறவங்க இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விதி மாறினா பழைய கணக்கு செல்லாது. போன வருஷ அனுபவத்தை வைத்து இந்த வருஷம் ஜோசியம் சொன்னா மாட்டிக்குவோம்.

ஆஸ்கரில் மட்டும் நம்ம கணிப்பு எப்படிப் பலிச்சது?

2023 மார்ச் 13, திங்கட்கிழமை காலை. "நாட்டு நாட்டு" பாட்டுக்கு ஆஸ்கர் கிடைக்கும் என்று இந்தியா முழுக்கச் சொன்னாங்க, கிடைச்சது. எதிரில் லேடி காகா, ரிஹானா பாட்டெல்லாம் இருந்தும் கீரவாணி இசையில் சந்திரபோஸ் எழுதிய பாட்டு வென்றது.

ரசிகர்களின் ஓட்டா ஜெயிக்க வெச்சது? இல்லை. ஆஸ்கரில் ரசிகர்களுக்கு ஓட்டே கிடையாது. அகாடமி உறுப்பினர்கள், சுமார் 9 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அவங்க மட்டும்தான் ஓட்டுப் போடுவாங்க. அப்புறம் எப்படிக் கணிப்பு சரியாச்சு? முன்னாடியே அறிகுறிகள் இருந்தது. அதே வருஷம் ஜனவரி 10-ல் கோல்டன் குளோப், ஜனவரி 15-ல் கிரிட்டிக்ஸ் சாய்ஸ் என்று அமெரிக்காவின் மற்ற விருதுகளை அந்தப் பாட்டு வாங்கிக்கிட்டே வந்தது. ஹாலிவுட் வட்டாரத்தின் காற்று எந்தப் பக்கம் அடிக்குது என்பது அதில் தெரிஞ்சது.

2009-ல் ஏ.ஆர்.ரஹ்மானுக்கு இன்னும் சுலபம். சிறந்த பாடல் பிரிவில் அந்த வருஷம் இறுதிப் பட்டியலில் இருந்ததே மூணு பாட்டு. அதில் இரண்டு அவருடையது. ஒன்று "ஜெய் ஹோ", இன்னொன்று ஈழத்தமிழ் வேர் கொண்ட பாடகி எம்.ஐ.ஏ-வுடன் சேர்ந்து செய்தது. "ஜெய் ஹோ" வென்றது.

இங்கே ரசிகர்கள் சரியாச் சொன்னதுக்குக் காரணம் தேசப்பற்று இல்லை. ஓட்டுப் போடுறவங்க மனசு வெளியே தெரிஞ்சிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த தடவை கணிப்பதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. ஓட்டு யார் கையில்? மக்களா, நடுவர்களா, இரண்டும் கலந்தா, ஒரு சங்கத்தின் உறுப்பினர்களா?

2. ஒருத்தருக்கு எத்தனை ஓட்டு? ஒன்றுதான் என்றால் பரவலான ஆதரவு உள்ளவருக்குச் சாதகம். எத்தனை வேணும்னாலும் போடலாம் என்றால் வெறியோட இருக்கிற சின்னக் கூட்டம்கூட ஜெயிச்சிடும்.

3. மொத்தமா எண்ணுறாங்களா, பகுதி பகுதியா எண்ணுறாங்களா? சூலக்கரை உதாரணத்தை நினைச்சுக்கோங்க.

4. நடுவர் பங்கு எவ்வளவு? பாதிக்குப் பாதி என்றால், நடுவர்களுக்குப் பிடிச்ச இரண்டாவது ஆள் மேல் ஒரு கண் வைங்க.

5. ஓட்டு விவரம் வெளியே வருதா? யூரோவிஷனில் எந்த நாடு யாருக்கு எத்தனை புள்ளி கொடுத்தது என்பதை எல்லாரும் பார்க்கலாம். நம்ம ஊர் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் முழுக் கணக்கு வெளியே வர்றதில்லை. கணக்கு தெரியாத இடத்தில் சந்தேகம் மட்டும்தான் வளரும். "ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க" என்ற பேச்சுக்குப் பாதிக் காரணம் இதுதான். தோத்தவர் எத்தனை ஓட்டில் தோத்தார் என்று சொல்லிட்டா, அழுதாலும் ஏத்துக்குவாங்க.

கணிப்பு விளையாட்டில் நிஜமா நஷ்டப்படுறது யார்?

முதல் நஷ்டம் பணம். கட்டண ஓட்டு இருக்கிற போட்டிகளில் ஒவ்வொரு ஓட்டும் காசு. பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலைக்குப் போய்ச் சனிக்கிழமை சம்பளம் வாங்கி ரீசார்ஜ் போடுற வீட்டில், "நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இன்னும் 50 ஓட்டு" என்பது சின்னச் செலவில்லை. அந்தக் காசு போட்டியாளர் கைக்குப் போவதும் இல்லை. போடுங்க, ஆனா கணக்கு வெச்சுப் போடுங்க.

இதிலேயே இன்னொரு ஆபத்தும் இருக்கு. "இந்த லிங்க்கை அமுக்கி ஓட்டுப் போடுங்க" என்று வரும் மெசேஜ் எல்லாம் சேனலில் இருந்து வந்தது இல்லை. ஓட்டுப் போட வங்கி விவரம், ஓடிபி கேட்டா அது மோசடி. பணம் போயிட்டா உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்க.

இரண்டாவது நஷ்டம் குழந்தைகளுக்கு. ஜூனியர் போட்டிகளில் மேடையில் நிற்கிறது 8 வயசு, 10 வயசு, 14 வயசுப் பிள்ளைகள். பெரியவங்க கணிப்பு தப்பாப் போச்சு என்ற கோபத்தை ஜெயிச்ச குழந்தை மேல் காட்டுறாங்க. "இதுக்கெல்லாமா பட்டம்?" என்று கமெண்ட் போடுறவங்களுக்கு அந்தக் குழந்தை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும் என்பது நினைவிருக்கிறதில்லை. ஜெயிச்ச பிள்ளை விதியை எழுதலை, ஓட்டையும் எண்ணலை. பாடினது மட்டும்தான் அதோட வேலை.

மூன்றாவது, இது விளையாட்டா மட்டும் இல்லாதவங்களும் இருக்காங்க. போரில் எல்லாம் இழந்த யாழ்ப்பாணக் குடும்பத்துக்கும், 200 வருஷமா லயத்தில் இருக்கும் மலையகக் குடும்பத்துக்கும், டார்ஜிலிங் மலையில் "நாங்களும் இந்தியர்தான்" என்று சொல்லிக்கிட்டே இருக்க வேண்டியவங்களுக்கும், ஒரு பிள்ளை பெரிய மேடையில் நிற்பது தங்களையே யாரோ கடைசியாகப் பார்த்த மாதிரி. அவங்க கணிப்பு தப்பும்போது வலிக்கிறது பாட்டுக்காக மட்டும் இல்லை. அதனால அந்த ஏமாற்றத்தைக் கேலி பண்ணவும் கூடாது, அதைத் தூண்டிவிட்டு ஓட்டு வியாபாரம் பண்ணவும் கூடாது.

பட்டம் தவறினவங்க காணாமப் போயிடுறதும் இல்லை. 2015 இறுதிச்சுற்றைப் பார்த்தவங்களைக் கேட்டுப் பாருங்க. ஜெயிச்சவர் பெயர் உடனே வராதவங்களுக்கும் அந்தக் கனடாப் பொண்ணு ஞாபகம் இருக்கும்.

அடுத்த இறுதிச்சுற்றுக்கும் நாம் கணிக்கத்தான் போறோம், அது இல்லாம என்ன சுவாரசியம்? உங்களுக்குப் பிடிச்சவருக்கு ஓட்டுப் போடுங்க. யார் ஜெயிப்பாங்க என்று பந்தயம் பேசுறதுக்கு முன்னால் மட்டும், திரையின் கீழே சின்ன எழுத்தில் ஓடும் ஓட்டு விதியை ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க.